படகில் பேட்டரி சார்ஜ் ஏறவில்லை என்றால் எங்கே தேடுவது

காலையில் கரையில் எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்துவிடும். நடுக்கடலில் வலை வாங்கி முடித்துச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) 'டிக்' என்பதோடு சரி. ஒருமுறை இப்படி ஆகிவிட்டால் உடனே புதுப் பேட்டரி வாங்கிவிடுகிறோம். பழுது பேட்டரியில் இல்லையென்றால் புதியதும் சில மாதத்தில் படுத்துவிடும். உப்புக் காற்றில் ஓடும் படகில் முதலில் கெடுவது இணைப்புகள்தான். அதற்கு அடுத்தபடி பெல்ட், பேட்டரிக்குச் சார்ஜ் தரும் டைனமோ (ஆல்டர்னேட்டர்). பேட்டரியைச் சந்தேகிப்பது கடைசியில் இருக்கட்டும். வோல்ட் இறங்கினால் விஎச்எஃப் ரேடியோ செட்டில் மற்றவர் பேசுவது நமக்குக் கேட்கும், நாம் பேசுவது அவர்களுக்குப் போகாது. சேனல் 16-இல் உதவி கேட்க வேண்டிய நேரத்தில் அது உயிர்ப் பிரச்சினை.

இங்கே சொல்வது செல்ஃபும் டைனமோவும் உள்ள சிறிய டீசல் எஞ்சினுக்கு, ஒன்றோ இரண்டோ 12 வோல்ட் அமிலப் பேட்டரியோடு. படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சினுக்கு வேறுபடுவதைப் பின்னால் சொல்கிறோம். கையில் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், உப்புத்தாள், ஸ்பானர்கள், ஆப்பச் சோடா, வாசலின் இருந்தால் போதும்.

மூன்று அளவுகள்

முதல் அளவு, எஞ்சின் நின்று ஓர் இரவு கழிந்தபின், எல்லா சுவிட்சும் அணைந்த நிலையில். 12.6 முதல் 12.7 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 11.9-க்குக் கீழே அநேகமாகக் காலி. எஞ்சினை நிறுத்திய உடனே பார்த்தால் 13 காட்டும். அது மேலோட்டமான சார்ஜ், அதை நம்ப வேண்டாம்.

இரண்டாவது, செல்ஃப் அடிக்கும்போது. 9.6-க்குக் கீழே போகக் கூடாது. நின்ற நிலையில் 12.6 காட்டிய பேட்டரி செல்ஃப் அடித்ததும் 8-க்கு விழுந்தால் உள்ளே ஒரு செல் போயிருக்கலாம். பேட்டரியில் 11-க்கு மேல் நிற்கிறது, ஆனாலும் செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது என்றால் கரண்ட் வழியில் எங்கோ தடைபடுகிறது. கேபிளையும் மெயின் சுவிட்சையும் பாருங்கள்.

மூன்றாவது, எஞ்சினை 1,200 முதல் 1,500 சுற்றில் பத்து நிமிடம் ஓடவிட்டு. 13.8 முதல் 14.4 வரை இருந்தால் டைனமோ சரி. ஸ்டார்ட் செய்யும் முன் இருந்த அளவே நின்றால் டைனமோ ஒன்றும் தரவில்லை. 13.2 போல அரைகுறையாக நின்றால் அரை மணி பொறுத்து மறுபடி பாருங்கள், ஏனென்றால் மிகவும் இறங்கிப்போன பேட்டரி ஆரம்பத்தில் வோல்ட்டை ஏறவிடாது. அப்போதும் ஏறாவிட்டால் பெல்ட்டோ இணைப்போ காரணம். 14.8-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் (ரெகுலேட்டர்) பழுது.

மூன்று முறையும் மீட்டர் முனையைப் பேட்டரியின் ஈயக் குமிழின் மேலேயே வையுங்கள். கிளாம்பின் மேல் வைத்தால் குமிழுக்கும் கிளாம்புக்கும் இடையில் படிந்த உப்பு கணக்கில் வராமல் போய்விடும். பல நேரம் பழுது இருப்பதே அந்த இடத்தில்தான்.

வோல்ட் எங்கே தொலைகிறது

இந்தச் சோதனைக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். எஞ்சின் ஓடட்டும், விளக்குகள் எரியட்டும். மீட்டரின் சிவப்பு முனையை டைனமோவின் பெரிய பிளஸ் போல்ட்டில், கருப்பு முனையை பேட்டரியின் பிளஸ் குமிழில் வையுங்கள். 0.2 வோல்ட்டோ அதற்குக் குறைவோ காட்ட வேண்டும். அடுத்து டைனமோ பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே பாருங்கள். அங்கே 0.1 போதும். கூடுதலாக வந்தால் முனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே வாருங்கள். எந்த இணைப்பைத் தாண்டியதும் எண் சட்டென்று மாறுகிறதோ அங்கேதான் கோளாறு.

டைனமோவில் 14.2, பேட்டரியில் 13.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளேயே கட்-அவுட் உள்ள டைனமோ தன் வாயிலில் இருக்கும் 14.2-ஐ மட்டும்தான் அறியும். வேலை முடிந்தது என்று கரண்ட்டைக் குறைத்துவிடும். பேட்டரி என்றைக்குமே நிறையாது. நிறையாமலே கிடந்தால் தட்டுகளில் சல்பேட் கெட்டிப்பட்டு, கொள்ளளவு மெல்ல மெல்லக் குறையும்.

வழக்கமாக மாட்டும் இடங்கள்: மெயின் சுவிட்சின் உள் கான்டாக்ட், ஃபியூஸ் ஹோல்டர், எஞ்சின் பிளாக்கில் எர்த்துக் கேபிள் பிடித்த போல்ட், லக்குக்குள் (கேபிள் முனையில் பொருத்தும் உலோகக் காது) நசுக்கிய வயர். கடைசியாகச் சொன்னது வெளியே தெரியாது. உப்பு நீர் செம்பு இழைகளின் வழியே ரப்பருக்குள் ஊறி ஏறிவிடும். லக்கை வெட்டி ரப்பரை உரித்துப் பாருங்கள். செம்பு கறுத்திருந்தால் பளபளப்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். நீளம் போதாவிட்டால் வயரையே மாற்றுங்கள், வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி என்றால் நல்லது. லக்கை நசுக்கியபின் மேலே ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போடுங்கள். வெறும் இன்சுலேஷன் டேப் உப்பு நீரை உள்ளேயே தேக்கி வைக்கும்.

வயர் தடிமனுக்கும் கணக்கு உண்டு. 50 ஆம்பியர் டைனமோ, பேட்டரி 3 மீட்டர் தள்ளி என்றால் போக வர 6 மீட்டர். 6 சதுர மி.மீ. வயரில் 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும். 25 சதுர மி.மீ. போட்டால் 0.2 தான் போகும்.

இரண்டு பேட்டரிக்கு நடுவே சார்ஜைப் பிரித்து அனுப்பும் டயோடு ஐசொலேட்டர் வைத்திருந்தால் அதில் 0.6 முதல் 0.7 வோல்ட் போவது இயல்பு. கட்-அவுட் வோல்ட்டை அறியும் சென்ஸ் வயரைப் பேட்டரி பக்கம் மாற்றுங்கள், இல்லையென்றால் ஐசொலேட்டருக்குப் பதில் வோல்டேஜ் பார்த்து இணைக்கும் ரிலே வையுங்கள்.

குமிழ்களைச் சுத்தம் செய்யும்போது முதலில் மைனஸைக் கழற்றி, கடைசியில் மைனஸை மாட்டுங்கள். ஸ்பானர் தவறி எஞ்சினில் பட்டாலும் தீப்பொறி வராது. வெந்நீரில் ஆப்பச் சோடா கலந்து, செல் மூடிகளை இறுக்கிய பிறகே ஊற்றுங்கள். சோடா உள்ளே போனால் அமிலம் கெடும். நல்ல தண்ணீரில் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி முடித்தபின் மேலே வாசலின் தடவுங்கள்.

டைனமோ

பெல்ட்டின் நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 12 மி.மீ. இறங்க வேண்டும். புல்லியைச் சுற்றிக் கருப்புத் தூள் படிந்திருந்தால் பெல்ட் வழுக்குகிறது. புதுப் பெல்ட் சில மணி நேரம் ஓடியதும் தளரும், ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.

சாவியைப் போட்டதும் சார்ஜ் விளக்கு எரிகிறதா? டைனமோ வேலையைத் தொடங்கத் தேவையான சிறு கரண்ட் பல எஞ்சின்களில் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு பீஸ் போனாலோ, அந்த இடத்தில் எல்இடி மாட்டினாலோ டைனமோ எழும்பாது. ஆக்சிலேட்டரை ஒருமுறை அதிகம் கொடுத்ததும் திடீரென்று சார்ஜ் ஏறுகிறதென்றால் இதுதான் அறிகுறி. பல்பும் வயரும் நல்லதாக இருந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும்.

மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, எஞ்சின் ஓடும்போது பேட்டரிக் குமிழ்களில் பாருங்கள். 0.5-க்கு மேல் வந்தால் டயோடு போயிருக்கும். சார்ஜ் ஓரளவு ஏறும், ஆனால் ஷார்ட்டான டயோடு வழியே பேட்டரி இரவில் வடிந்துவிடும். இரவு முழுக்க நின்ற எஞ்சினில் காலையில் டைனமோ வெதுவெதுப்பாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரிக் கேபிளைக் கழற்றவோ மெயின் சுவிட்சை அணைக்கவோ கூடாது. 'டைனமோ வேலை செய்கிறதா பார்ப்போம்' என்று கழற்றிப் பார்க்கும் பழக்கம் நல்ல டயோடுகளையும் ஒரு நொடியில் சாகடித்துவிடும்.

பேட்டரி

ஹைட்ரோமீட்டரில் 1.250 முதல் 1.270 என்றால் முழு சார்ஜ், 1.190 சுமார் பாதி. ஆறு செல்லில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைவாக நின்றால் அந்தப் பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். தண்ணீர் ஊற்றிய உடனே அளக்காதீர்கள், கலந்தபின் அளந்து பாருங்கள். டிஸ்டில்ட் வாட்டர் மட்டும், சார்ஜ் ஏறிய பிறகு, தட்டுக்கு மேல் 10 மி.மீ. நிற்கும்படி ஊற்றுங்கள். சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது, பேட்டரிப் பெட்டியைக் காற்றுப் போகாமல் அடைக்காதீர்கள். கடல்நீர் செல்லுக்குள் போனால் நச்சான குளோரின் வாயு கிளம்பும், உடனே காற்றுப்படும் பக்கம் விலகி நில்லுங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் காலியாகிறதா? செலவைக் கூட்டிப் பாருங்கள். 10 வாட் விளக்கு நான்கு என்றால் 3.3 ஆம்பியர், ஜிபிஎஸும் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரும் சுமார் 1, விஎச்எஃப் கேட்கும் நிலையில் சுமார் அரை. பத்து மணி நேர இரவில் 50 ஆம்பியர் மணி போய்விடும், அதாவது 100 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதி. கரைக்குத் திரும்பும் ஒரு மணி நேர ஓட்டத்தில் அது நிறையாது. 100 வாட் சோலார் பேனல் நல்ல வெயிலில் 5 ஆம்பியர் தரும், குறையில் ஒரு பகுதியைத் தீர்க்கும். சோலார் சார்ஜ் கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணையுங்கள், பிறகு பேனலை.

பெரும்பாலான அவுட்போர்டுகளில் டைனமோ இல்லை. ஃப்ளைவீலின் கீழுள்ள கம்பிச்சுருளும் (காயில்), ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரும்தான் சார்ஜ் தருகின்றன, ஐட்லிங்கில் மிகக் குறைவாக. ஃபியூஸைப் பார்த்தபின் ரெக்டிஃபையரைப் பாருங்கள். பேட்டரியை ஒருமுறை பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டினாலே அது போய்விடும்.

கசிவு

எல்லாம் அணைந்த நிலையில் மைனஸ் கேபிளைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியரில் வைத்துக் குமிழுக்கும் கேபிளுக்கும் நடுவே இணையுங்கள். அப்போது செல்ஃபைத் தொடக் கூடாது. 0.05 ஆம்பியரைத் தாண்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எதைக் கழற்றியதும் எண் விழுகிறதோ அந்த லைனில் கசிவு. மெயின் சுவிட்சைத் தாண்டி நேராக இணைத்த தண்ணீர் பம்பின் மிதவை சுவிட்சை முதலில் பாருங்கள்.

0.05 சிறிய எண் போலத் தெரியும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். அத்தனை நாளும் 0.05 ஆம்பியர் வடிந்தால் 73 ஆம்பியர் மணி போயிருக்கும். படகைக் கட்டும் அன்றே முழு சார்ஜ் ஏற்றி மைனஸைக் கழற்றிவிடுங்கள், மே நடுவில் ஒருமுறை சார்ஜரில் போடுங்கள்.