பழைய பைக்கில் செல்ஃப் மோட்டாரை நீங்களே மாற்றுவது எப்படி?

80,000 கிலோமீட்டர் தாண்டிய வண்டி. செல்ஃப் பட்டனை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறது, இல்லையென்றால் இன்ஜின் திணறித் திணறிச் சுற்றுகிறது. கிக்கரை உதைத்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. சரி, மோட்டார் போய்விட்டது என்று கடைக்குக் கிளம்பாதீர்கள். முதலில் சோதனை.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து பேட்டரியைப் பாருங்கள். ஓய்வில் 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். பட்டனை அழுத்தும்போது 9.5-க்குக் கீழே விழுந்தால், நல்ல பேட்டரி ஒன்றை மாட்டிப் பார்த்த பிறகுதான் மோட்டாரைச் சந்தேகப்பட வேண்டும். டெர்மினல் வெள்ளையாகப் பூத்திருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். அடுத்து, மீட்டரின் சிவப்பு முனையை மோட்டாரின் தடித்த வயர் டெர்மினலிலும் கறுப்பை மோட்டார் உடம்பிலும் வைத்து பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். அங்கே 10 வோல்ட்டுக்கு மேல் வந்தும் மோட்டார் சுற்றவில்லையா? பழுது மோட்டாரில்தான். வோல்ட்டேஜே வரவில்லை என்றால் ரிலே (பட்டனை அழுத்தியதும் மோட்டாருக்குக் கரண்டை விடும் சுவிட்ச்), வயர், பட்டன் சுவிட்ச் பக்கம் தேடுங்கள். மோட்டார் 'விர்ர்' என்று தனியாகச் சுற்றி, இன்ஜின் அசையாமல் இருந்தால் அது பெரும்பாலும் ஒன்வே கிளட்ச் கோளாறு, அதாவது மோட்டாரின் சுற்றை இன்ஜினுக்குக் கடத்தும் பாகத்தில் கோளாறு. புது மோட்டார் போட்டாலும் தீராது.

இனி கழற்றலாம். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரியில் முதலில் மைனஸ், அப்புறம் பிளஸ். வரிசையை மாற்றினால் ஸ்பேனர் சேசிஸில் பட்டு நெருப்புப் பொறி பறக்கும். ரிலேயிலிருந்து போகும் தடித்த வயரைப் பிடித்துக்கொண்டே போனால் மோட்டார் வந்துவிடும். ரப்பர் மூடியைத் தள்ளி நட்டைக் கழற்றி வயரை எடுங்கள். மோட்டாரை இன்ஜினோடு பிடித்திருப்பவை பெரும்பாலும் இரண்டே போல்ட்டுகள். மோட்டாரின் உடம்பைச் சேர்த்துப் பிடிக்கும் நீள ஸ்குரூக்களில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். மெல்ல ஆட்டி ஆட்டி நேராக இழுங்கள். ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங் ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்கும். அதற்காக ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினால் அலுமினியம் சிதைந்துவிடும். வந்ததும் ஓட்டையில் சுத்தமான துணியை அடைத்து வையுங்கள்.

பழைய மோட்டாரின் ஷாஃப்டை ஆட்டிப் பாருங்கள், பிறகு அந்த நீள ஸ்குரூக்களைக் கழற்றி உள்ளேயும் பாருங்கள். ஆட்டம் இல்லாமல், உள்ளே செம்பு வளையம் வழவழப்பாக இருந்து, அதை உரசிக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் மட்டும் தேய்ந்திருந்தால் பிரஷ் செட் போதும், செலவும் குறைவு. ஆட்டம் இருந்தால் முழு மோட்டாரையும் மாற்றுவதே நல்லது என்பேன்.

புதியதையும் பழையதையும் பக்கத்தில் வைத்து பல் எண்ணிக்கை, ஷாஃப்ட் நீளம், போல்ட் ஓட்டை மூன்றையும் ஒப்பிடுங்கள். மோட்டார் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். தூள் இன்ஜினுக்குள் விழக்கூடாது. பெரும்பாலான மோட்டார்களுக்குத் தனி எர்த் வயர் கிடையாது, உடம்பு இன்ஜினைத் தொடுவதுதான் எர்த். அங்கே துருவோ பெயிண்டோ இருந்தால் புது மோட்டாரும் திணறும். துணியை எடுத்துவிட்டு, ஓ ரிங்கில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் தடவி, கையாலேயே முழுசாக உள்ளே தள்ளுங்கள். போகவில்லை என்றால் பல் சேரவில்லை, லேசாகத் திருப்பிப் பாருங்கள். போல்ட்டை முறுக்கி இழுத்து உட்கார வைத்தால் மோட்டாரில் போல்ட் மாட்டும் காது உடையும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவு இறுக்கம் போதும்.

அவசரப்படக்கூடாத இடம் வயர் டெர்மினல். அடி நட்டை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மேல் நட்டை மட்டும் இறுக்குங்கள். அப்படிப் பிடிக்காவிட்டால் டெர்மினல் போல்ட்டே சுற்றும். பிளாஸ்டிக் விரிசல் விடும், உள்ளே பிரஷ் வயர் அறுந்துபோகும். புது மோட்டார் அன்றைக்கே குப்பைக்குப் போகும்.

பேட்டரியில் இப்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். நியூட்ரலில் வைத்து அழுத்துங்கள், ஒரு தடவைக்கு 5 விநாடிக்கு மேல் வேண்டாம். வண்டி சூடாகும்வரை ஓடவிட்டு மோட்டார் சேரும் இடத்தை விரலால் தடவுங்கள். ஆயில் கசிந்தால் ஓ ரிங் மடங்கியிருக்கும். போல்ட்டை மேலும் இறுக்காமல், கழற்றி வேறு ஓ ரிங் போடுங்கள்.