வாடகை விடுதி வீட்டில் காலை உணவு வீணாகாமலிருக்க

குறுகிய கால வாடகை வீட்டுக்கு வரும் விருந்தினர்களின் காலை உணவுக்கு வெண்ணெய், ஜாம், தேன் போன்றவற்றைப் பெரிய பாட்டிலில் வைக்காமல், ஒருவர் ஒரு வேளைக்குப் பயன்படுத்தும் சிறு பொட்டலங்களாக ஒரே தட்டில் அடுக்கி வையுங்கள். கரண்டி பட்டு, ரொட்டித் துகள் ஒட்டிய பாட்டிலை அடுத்து வருபவருக்குக் கொடுக்க முடியாது என்பதால் அது குப்பைக்கே போகும். பிரிக்காத பொட்டலமோ காலாவதித் தேதி வரை அடுத்தடுத்து வருபவர்களுக்கு உதவும். எடைக்கு எடை பார்த்தால் பொட்டலத்தின் விலை கூடுதல்தான், ஆனால் வீணாவதைக் கணக்கிட்டால் பெரும்பாலும் மிச்சமே. உறையில் சேர்மானங்கள் அச்சிடப்பட்டிருந்தால், ஒவ்வாமை உள்ளவர்கள் தாங்களே படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஒரு வாரத்துக்கு மேல் தங்கும் குடும்பத்துக்கு இம்முறை பொருந்தாது. அவர்கள் முழு பாட்டிலையும் தீர்த்துவிடுவார்கள்.