வீட்டில் ஒருவருக்கு வேலை போனால்: கனடாவில் ஈ.ஐ.யும் பிள்ளைக் காசும்

அன்று காலை பத்தரை மணிக்கே வாசல் கதவு திறந்தது. ஆறு மணிக்கு வேலைக்குப் போன மனிதர் திரும்பி வந்து சாப்பாட்டுப் பெட்டியை மேசையில் வைத்தார். கட்டிக் கொடுத்த புட்டும் முட்டைப் பொரியலும் அப்படியே இருந்தன. "இனி ஷிப்ட் இல்லையாம். தேவைப்பட்டால் கூப்பிடுவார்களாம்" என்றார். நாங்கள் ஒன்ராறியோ மாகாணத்தின் ஸ்காபரோவுக்கு வந்து அப்போது இரண்டரை வருடம். பேஸ்மென்ட் வாடகை, சீட்டுக் காசு, ஊருக்கு அனுப்புவது எல்லாம் பெரும்பாலும் அந்தச் சம்பளத்தை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தன.

அன்றிரவு தொலைபேசியில் ஆலோசனை சொன்னவர்களுக்குக் குறைவில்லை. பாதிப் பேர் ஒன்றையே சொன்னார்கள்: "வருமானம் குறைந்துவிட்டதே, பிள்ளைக் காசு கூடும், உடனே வரி அலுவலகமான சி.ஆர்.ஏ.க்கு அறிவியுங்கள்." நானும் அதை நம்பி, அதற்கான படிவத்தைத் தேடியே ஒரு வாரத்தை வீணாக்கினேன். அப்படி ஒரு படிவம் கிடையாது. அந்த வாரத்தில் செய்திருக்க வேண்டியது வேறு வேலை.

புதிதாக வந்தவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். ஈ.ஐ. என்று நாம் சொல்லும் வேலைக் காப்புறுதி, வேலை போன வாரத்தைப் பார்த்துக் காசு தருகிறது. பிள்ளைக் காசு, அதாவது கனடா சைல்ட் பெனிபிட், போன வருடத்து வரிக் கணக்கைப் பார்த்துத் தருகிறது. இன்று வேலை போனது அதற்கு இன்று தெரியாது. சொன்னாலும் கணக்கில் எடுக்காது.

முதலில் ஈ.ஐ.

வேலை போன அன்றோ மறுநாளோ ஈ.ஐ.யைக் கவனிக்கும் அரச அலுவலகமான சர்விஸ் கனடாவின் இணையதளத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். கடைசியாக வேலை செய்த நாளிலிருந்து நான்கு வாரம் தாண்டினால், தாண்டிய காலத்துக்கான காசு கிடைக்காமல் போகலாம். "ஆர்.ஓ.ஈ. வரட்டும், பிறகு பார்ப்போம்" என்று காத்திருக்க வேண்டாம். ஆர்.ஓ.ஈ. என்பது நீங்கள் எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள், ஏன் நின்றீர்கள் என்று முதலாளி எழுதிக் கொடுக்கும் பதிவு. பெரும்பாலான நிறுவனங்கள் அதை நேரே சர்விஸ் கனடாவுக்கு மின்வழியாக அனுப்பிவிடும். விண்ணப்பத்தை முதலில் போட்டுவிட்டு ஆர்.ஓ.ஈ.யைப் பிறகு துரத்தலாம்.

அது வந்ததும் 16ஆம் கட்டத்தைப் பாருங்கள். வேலை இல்லாததால் நிறுத்தினார்கள் என்றால் அங்கே 'ஏ' (A) என்ற எழுத்து இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் வந்த தாளில் 'ஈ' (E) என்று இருந்தது. தானாக வேலையை விட்டுவிட்டார் என்று அதற்கு அர்த்தம். தக்க காரணமில்லாமல் தானாக விட்டவருக்கு ஈ.ஐ. கிடையாது. கணக்கு எழுதும் பிள்ளை கைதவறிப் போட்டதா, வேண்டுமென்றே போட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நல்லவேளையாக, ஷிப்ட் இல்லை என்று மேற்பார்வையாளர் அனுப்பிய குறுஞ்செய்தியை இவர் அழிக்காமல் வைத்திருந்தார். அதைக் காட்டிய பிறகுதான் விஷயம் நேரானது. ஆகவே வேலையிடத்திலிருந்து வரும் எந்தக் குறுஞ்செய்தியையும் அழிக்காதீர்கள். சம்பளச் சிட்டைகளும் அப்படித்தான்.

எவ்வளவு நேரம் வேலை செய்திருக்க வேண்டும்? கடந்த 52 வாரங்களில் 420 முதல் 700 மணி நேரம் வரை. உங்கள் பகுதியில் வேலையின்மை எவ்வளவு என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும். இங்கேதான் நம்மவர்கள் பலர் அடிபடுகிறார்கள். வந்த புதிதில் கைக்காசுக்கு வேலை செய்த மணிநேரம் எதுவும் இந்தக் கணக்கில் வராது. ஏஜென்சி மூலம் போனாலும், சம்பளச் சிட்டையில் ஈ.ஐ. என்று ஒரு தொகை கழிக்கப்பட்டிருக்கிறதா என்று முதல் சம்பளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வேலை அனுமதிப் பத்திரத்தில் இருப்பவர்களும் அனுமதி செல்லுபடியாகி, வேலைக்குத் தயாராக இருந்தால் ஈ.ஐ. பெறலாம். இது நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கு மட்டும் என்பது வெறும் வாய்ச்செய்தி.

தொகை, சராசரி வாரச் சம்பளத்தில் 55 வீதம். அதற்கும் உச்ச வரம்பு உண்டு: 2025இல் வாரத்துக்கு 695 டொலர், 2026இல் 729 டொலர். வழக்கமாக முதல் ஒரு வாரத்துக்குக் காசு இல்லை. பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இணையத்திலோ தொலைபேசியிலோ அறிக்கை கொடுக்க வேண்டும். இடையில் ஒரு நாள் வேலை செய்திருந்தாலும் அதைச் சொல்ல வேண்டும். சொன்னால் முழுவதும் போய்விடாது. ஒரு குறிப்பிட்ட எல்லைவரை, உழைத்த ஒவ்வொரு டொலருக்கும் ஐம்பது சதம்தான் கழிப்பார்கள். சொல்லாமல் விட்டுப் பிடிபட்டால் அபராதத்தோடு திருப்பிக் கட்ட வேண்டி வரும்.

இன்னொன்று. வேலைதான் இல்லையே, நல்லூர்த் திருவிழாவுக்குப் போய் வருவோம் என்று டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். கனடாவுக்கு வெளியே இருக்கும் நாள்களுக்குப் பொதுவாக ஈ.ஐ. கிடையாது. நெருங்கிய உறவினரின் மரணச் சடங்கு, கடும் சுகவீனம் போன்ற சில காரணங்களுக்கு மட்டும் தொடர்ந்து ஏழு நாள்வரை விலக்கு உண்டு. அப்போதும் அறிக்கையில் பயணத்தை மறைக்கக் கூடாது.

பலர் தவறவிடும் மேலதிகக் காசு

ஈ.ஐ.யும் பிள்ளைக் காசும் கைகுலுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அதைக் குடும்ப மேலதிகக் கொடுப்பனவு என்று சொல்லலாம். குடும்பத்தின் வருடாந்த நிகர வருமானம் 25,921 டொலர் அல்லது அதற்குக் குறைவாக இருந்து, நீங்களோ உங்கள் துணையோ பிள்ளைக் காசு பெறுபவராக இருந்தால், 55 வீதம் என்பது 80 வீதம்வரை உயரலாம். வாரத்துக்கான உச்ச வரம்பு மட்டும் மாறாது. கணவன் மனைவி இருவரும் ஒரே நேரத்தில் ஈ.ஐ.யில் இருந்தால் ஒருவருக்குத்தான் இது கிடைக்கும்.

இதற்குத் தனி விண்ணப்பம் இல்லை; பிள்ளைக் காசுப் பதிவைப் பார்த்துத் தானாகவே சேர்ப்பார்கள். வசதியும் அதுதான், பொறியும் அதுதான். முதல் வருடம் "எங்களுக்கு வருமானமே இல்லையே, வரிக் கணக்கு எதற்கு" என்று விட்டவர்களுக்குப் பிள்ளைக் காசும் இல்லை, அந்தப் பதிவும் இல்லை. வந்த முதல் வருடத்தில் இருப்பவர்களுக்கே மிகவும் பொருந்தக்கூடிய கொடுப்பனவு அவர்கள் கைக்கே வராமல் போய்விடுகிறது.

பிள்ளைக் காசு எப்போது மாறும்

கணக்கு யூலையில் தொடங்கி அடுத்த யூனில் முடிகிறது. 2025 யூலை முதல் 2026 யூன் வரை கிடைக்கும் காசு 2024ஆம் ஆண்டு வருமானத்தைக் கொண்டு கணக்கிடப்பட்டது. அந்தக் காலத்துக்கு, ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு வருடத்துக்கு அதிகபட்சம் 7,997 டொலர். ஆறு முதல் பதினேழு வயதுவரை 6,748 டொலர். குடும்ப நிகர வருமானம் 37,487 டொலரைத் தாண்டிய பிறகு குறையத் தொடங்கும்.

நான்கு வயதும் ஒன்பது வயதுமாக இரண்டு பிள்ளைகள். தாய்க்கும் தகப்பனுக்கும் சேர்த்து வருமானம் 80,000 டொலர். இந்தக் குடும்பத்துக்கு மாதம் ஏறக்குறைய 750 டொலர் வரும். அதே குடும்பத்தின் வருமானம் 60,000 ஆகக் குறைந்தால் மாதம் 975 அளவில் வரும். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்த எல்லைக்குள் வருமானம் ஆயிரம் டொலர் குறைந்தால், வருடத்துக்கு 135 டொலர் கூடும் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் தகப்பனுக்கு 2025 ஒக்ரோபரில் வேலை போயிருந்தால்? 2026 யூன்வரை ஒரு சதமும் கூடாது. 2026 யூலையில் 2025ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்ப்பார்கள். அதில் ஒன்பது மாதச் சம்பளம் இருக்கிறது, பிறகு வாங்கிய ஈ.ஐ.யும் வருமானமாகத்தான் சேர்கிறது. ஆகவே சிறிதளவுதான் கூடும். 2026 முழுவதும் சும்மா இருந்தால் அதன் முழுப் பலன் 2027 யூலையில் தெரியும். அதற்குள் மனிதர் வேறு வேலையில் சேர்ந்திருப்பார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத கணக்கு இது. ஆனாலும் இதைத் தெரிந்துகொண்டால், இல்லாத காசை நம்பி வாடகைக்குக் கணக்குப் போட மாட்டீர்கள்.

இதே காரணத்தால், வேலை போன வருடத்தில் எந்தப் பையிலிருந்து காசு எடுக்கிறீர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஓய்வுகாலச் சேமிப்பான ஆர்.ஆர்.எஸ்.பி.யை உடைத்தால் எடுத்த தொகை முழுவதும் அந்த ஆண்டின் வருமானமாகும். வரியும் போகும், அடுத்த யூலையில் பிள்ளைக் காசும் குறையும். வரியில்லாச் சேமிப்புக் கணக்கான டி.எஃப்.எஸ்.ஏ.யிலிருந்து எடுத்தால் இரண்டும் இல்லை. வேலையை நிறுத்தும்போது தரும் மொத்தத் தொகையும் வருமானம்தான். அதை வாங்குமுன், ஆர்.ஆர்.எஸ்.பி.யில் இன்னும் காசு போட உங்களுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு பகுதியை அங்கே போட முடியுமா என வரி தெரிந்தவரிடம் கேளுங்கள்.

இன்னும் விண்ணப்பிக்காதவர்கள் ஆர்.சி. 66 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். புதிதாக வந்தவர்களுக்கு அதோடு ஓர் இணைப்புத் தாளும் உண்டு. கனடாவுக்கு வருமுன் இருவரும் உழைத்ததை டொலராக மாற்றி அதில் எழுத வேண்டும். தாய் வீட்டில் இருந்தால் தாயின் பெயரில் போடுவதுதான் வழக்கம். நிரந்தர வதிவிடம் உள்ளவர்களும் அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டவர்களும் உடனே விண்ணப்பிக்கலாம். படிப்பு, வேலை அனுமதியில் வந்தவர்கள் 18 மாதம் தொடர்ந்து இங்கே வாழ்ந்து, 19ஆம் மாதத்திலும் செல்லுபடியாகும் அனுமதி வைத்திருக்க வேண்டும். கணவர் இன்னும் ஊரிலோ வளைகுடாவிலோ இருந்தால் அவருடைய வருமானத்தையும் காட்டியாக வேண்டும். வருமானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இருவரும் ஏப்ரல் 30க்குள் வரிக் கணக்குக் கொடுங்கள். ஒருவர் கொடுக்காவிட்டாலும் யூலையில் காசு நின்றுவிடும்.

"பிரிந்துவிட்டோம் என்று எழுதுங்கள், காசு கூடும்" என்று ஓர் ஆலோசனையும் காதில் விழும். ஒரே வீட்டில் மேல்மாடியில் மனைவியும் பேஸ்மென்டில் கணவனும் படுத்தால் அது பிரிவு ஆகாது. உறவு முறிந்து 90 நாள் தனித்தனியே வாழ்ந்தால்தான் பிரிவு. இரண்டு பேருடைய முகவரிக்கும் சான்று கேட்பார்கள். பிறகு வருடக் கணக்கில் வாங்கியதைத் திருப்பிக் கட்டும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

வெல்ஃபெயர், ஸ்பொன்சர், பல்

ஈ.ஐ. எடுத்தால் அம்மா அப்பாவை ஸ்பொன்சர் பண்ணி இங்கே அழைக்க முடியாது என்ற பயம் நம்மிடையே பலமாக இருக்கிறது. ஈ.ஐ. என்பது நீங்கள் கட்டிய காப்புறுதி. பிள்ளைக் காசும் வெல்ஃபெயர் என்ற அரச உதவிப் பணம் அல்ல. இரண்டும் ஸ்பொன்சரைத் தடுக்காது. ஆனால் பெற்றோரை அழைப்பதற்குக் காட்ட வேண்டிய மூன்று வருட வருமானத்தில், சாதாரண ஈ.ஐ.யும் பிள்ளைக் காசும் சேர்க்கப்படுவதில்லை. அந்த வகையில் ஒரு வருடம் பின்தள்ளப்படலாம்.

ஒன்ராறியோ வேர்க்ஸ் என்ற வெல்ஃபெயர் வேறு. ஊனம் தவிர்ந்த காரணத்துக்காக அதை எடுத்துக்கொண்டிருக்கும்போது ஒருவரை ஸ்பொன்சர் செய்ய முடியாது. நீங்கள் ஏற்கெனவே அழைத்தவர், கணவன் மனைவியென்றால் மூன்று வருடத்துக்குள், வெல்ஃபெயர் எடுத்தால் அந்தத் தொகை அழைத்தவரின் கடனாகிவிடும். மற்றபடி ஈ.ஐ. கிடைக்காதவர்களும் முடிந்துபோனவர்களும் அதற்கு விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம். பிள்ளைக் காசை அங்கே வருமானமாகப் பார்ப்பதில்லை. ஈ.ஐ.யை டொலருக்கு டொலர் கழித்துவிடுவார்கள்.

வேலையோடு மருந்து, பல் காப்புறுதியும் போய்விடும். தனியார் காப்புறுதி இல்லாத 24 வயதுவரையான பிள்ளைகளுக்கு ஒன்ராறியோவில் ஓஹிப் பிளஸ் என்ற மாகாண அரசின் மருந்துத் திட்டம் வழியாக மருந்து கிடைக்கும். சுகாதார அட்டையை மருந்துக்கடையில் காட்டி, பழைய காப்புறுதி நின்றுவிட்டது என்று சொல்லுங்கள். குடும்ப நிகர வருமானம் 90,000 டொலருக்குக் குறைவாக இருந்து வேறு பல் காப்புறுதி இல்லை என்றால், கனடா பல் பராமரிப்புத் திட்டத்துக்கும் விண்ணப்பிக்கலாம். பிள்ளையின் டேகேருக்கு நகரசபையின் மானியம் வாங்குகிறீர்கள் என்றால், வேலை போனதை அவர்களுக்கு உடனே அறிவியுங்கள். அந்த மானியம் பெற்றோர் வேலையிலோ படிப்பிலோ இருப்பதைப் பொறுத்தது. வேலை தேடுவதற்கு எத்தனை நாள் தருவார்கள் என்பதையும் அப்போதே கேளுங்கள்.

வாடகை பிந்திவிட்டதா, உணவு வங்கி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையா, 211 என்ற எண்ணை அழையுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை. எடுத்தவுடன் "தமிழ்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்; மொழிபெயர்ப்பாளரை இணைத்துக் கொடுப்பார்கள்.