கேழ்வரகு மால்ட்டில் நன்னாரி மணக்கும் கறுப்பு ஸ்டௌட்: பெங்களூர் சமையலறைக்கு ஒரு செய்முறை

கர்நாடகத்தில் உரிமமின்றி வீட்டில் பீர் காய்ச்சக் கலால் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே ஸ்டௌட் என்னும் கறுப்பு பீரின் சாயலில் அமைந்த இந்தச் செய்முறை, உணவுப் பாதுகாப்பு விதிகள் மதுபானம் என்று கொள்ளும் 0.5 சதவீத எல்லைக்குக் கீழேயே நிற்கிறது. மதுவின் அளவு நொதிக்கும் நாளில் மட்டும் தீர்மானமாவதில்லை. மாவு வெந்நீரில் ஊறும் சூட்டிலேயே அதில் ஒரு பகுதி முடிவாகிவிடுகிறது.

முளைகட்டி, வெயிலில் காயவைத்து, வேரைத் தேய்த்து நீக்கி அரைத்த கேழ்வரகு மாவு 200 கிராம் வேண்டும். கடையில் விற்கும் ராகி மால்ட் பொடி பெரும்பாலும் வறுத்தது. வறுத்தால் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் செத்துவிடும் என்பதால் அது உதவாது. மாவைக் கால் லிட்டர் குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, 78 பாகை செல்சியஸ் சூட்டிலுள்ள இரண்டேகால் லிட்டர் வெந்நீரில் ஒரே மூச்சில் ஊற்றிக் கிளறினால், கலவை 71 பாகையை ஒட்டி நிற்கும். இந்தச் சூட்டில், மாவுச்சத்தை ஈஸ்ட் தின்னும் சர்க்கரையாக்கும் பீட்டா அமைலேஸ் என்ற நொதி விரைவில் அடங்கிவிட, ஆல்பா அமைலேஸ் என்ற மற்றொரு நொதி தொடர்ந்து வேலை செய்து, ஈஸ்ட்டால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின்களை மிகுதியாக விட்டுவைக்கிறது. பானத்துக்குக் கனம் தருவதும் அவையே. பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி ஒரு மணி நேரம் வைக்கவும். பிறகு ஒரு துளியை வெள்ளைத் தட்டில் எடுத்து டிஞ்சர் அயோடின் தொட்டுப் பார்க்கவும். கருநீலமானால் மாவுச்சத்து மிச்சமிருக்கிறது, இன்னும் சற்று நேரம் விடவேண்டும்.

இரும்பு வாணலியில் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வறுத்துப் பொடித்த 50 கிராம் கேழ்வரகை இதன் பிறகே சேர்க்க வேண்டும், ஏனெனில் முன்பே சேர்த்தால் அந்தக் கறுப்பில் அயோடின் சோதனை தெரியாது. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களின் இடத்தில் இரண்டு தேக்கரண்டி சிக்கரியும் ஒரு துண்டு காய்ந்த ஆரஞ்சுத் தோலும் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, துணியில் வடிக்கவும்.

நன்னாரியைக் கொதிக்கவிடுவது வீண். மணம் ஆவியோடு போய்விடும். 15 கிராம் வேரைத் தட்டி, நடுவிலுள்ள கட்டையை எறிந்துவிட்டு, பட்டையை மட்டும் வடித்த சூட்டுநீரில் மூடி அரைமணி நேரம் ஊறவிடவும். காந்தி பஜாரில் கிடைக்கும் மாகாளிக் கிழங்கிலும் இதே மணம் உண்டு. ஆனால் அது காட்டிலிருந்து தோண்டப்பட்டே அருகி வருவதால், நாட்டு மருந்துக் கடை நன்னாரியே என் தேர்வு.

வேரை வடித்து எடுத்து, நீர் 25 பாகைக்கு ஆறியதும் அதன் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரில் குறித்துக்கொண்டு, ரொட்டி ஈஸ்ட் ஒரு சிட்டிகை கலந்து, இரண்டு விரல் இடைவெளி விட்டுப் பிளாஸ்டிக் சோடா பாட்டில்களில் நிரப்பவும். கண்ணாடி கூடவே கூடாது; அழுத்தம் மிகுந்தால் வெடிக்கும். காலையும் மாலையும் பாட்டிலை அழுத்திப் பார்த்து, கல்லாக இறுகும் முன்பே, சற்று விறைத்தவுடன் குளிர்பெட்டியில் வைத்துவிடவேண்டும், மெல்லிய நுரையே ஸ்டௌட்டுக்கு அழகு. ஒரு பாட்டிலைத் திறந்து வாயு போகக் கலக்கி மீண்டும் அளக்கும்போது அடர்த்தி 0.003 குறைந்திருந்தால் மது ஏறக்குறைய 0.4 சதவீதம், அதற்கு மேல் குறைய விடலாகாது. குளிர் நொதித்தலை மந்தப்படுத்துமே தவிர நிறுத்தாது என்பதால், மூன்று நான்கு நாட்களுக்குள், அடியிலுள்ள வண்டலைக் கலக்காமல் ஊற்றிக் குடித்துவிடவும்.