பழைய அம்பாசடரில் புஷ் கழற்றப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பழைய அம்பாசடரோ பத்மினியோ வைத்திருப்பவர்களுக்குப் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அடியில் கேட்கும் ‘டொக்’ சத்தம் நன்றாகத் தெரியும். பல நேரம் சஸ்பென்ஷன் புஷ்தான் காரணம். நடுவில் போல்ட் நுழையும் உள்குழாய், அதைச் சுற்றி அதிர்வைத் தாங்கும் ரப்பர் என்று இருக்கும் சின்ன உருளை அது. ரப்பர் காய்ந்து கிழிந்து, இரும்போடு இரும்பு இடிக்க ஆரம்பித்திருக்கும். புது புஷ் பெரிய விலை இல்லை, சென்னைப் புதுப்பேட்டைப் பக்கம் தேடினால் கிடைத்துவிடும். அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் விலை உயர்ந்தது: பின்பக்க லீஃப் ஸ்பிரிங் பட்டையின் முனையில் துளையாகச் சுருட்டிய கண், முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் வளையம், சேஸிஸில் போல்ட்டைப் பிடிக்கும் காது. அம்பாசடர் உற்பத்தி 2014இலேயே நின்றுவிட்டது; நல்ல நிலையில் இன்னொரு ஆர்ம் தேடுவது சுலபமில்லை. அதனால் எந்த வழியில் கழற்றினாலும் முதலில் கேட்க வேண்டியது, இது அந்தத் துளைக்கு என்ன செய்யும் என்பதைத்தான்.

முதல் தவறு, கழற்றத் தேவையே இல்லாததைக் கழற்றுவது. ரப்பரின் வெளி ஓரத்தில் மெல்லிய வெடிப்பு தெரிந்தாலே புஷ் போய்விட்டது என்று அர்த்தமில்லை. நெம்புகோலைக் கொடுத்து அசைத்துப் பாருங்கள். நடுக்குழாய் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாலோ, ரப்பர் இரும்பைவிட்டுப் பிரிந்து இடைவெளி தெரிந்தாலோ மாற்ற வேண்டியதுதான். மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

வண்டியைத் தூக்குவதில் அலட்சியம் கூடவே கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்தே ஆக வேண்டும். பின்பக்கம் வேலை என்றால் ஆக்ஸிலுக்கு இன்னொரு ஜாக்கி கொடுத்து, அதைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஒரு கட்டத்தில் ஸ்பிரிங்கின் இழுப்பு விட்டுப்போய் போல்ட் கையோடு வரும். இழுப்போடு இருக்கும் போல்ட்டைச் சுத்தியலால் அடித்து எடுத்தால் மரை நசுங்கும், பட்டையும் துள்ளும். முன்பக்கம் இதைவிட ஆபத்து. அம்பாசடரில் இருப்பது டார்ஷன் பார், அதாவது முறுக்கிவைத்த கம்பி. பத்மினியில் காயில் ஸ்பிரிங். இரண்டிலும் அடைபட்டிருக்கும் விசையை முறையாக இறக்காமல் ஆர்மை விடுவித்தால் கை போய்விடும். அந்த வேலையை முன்பு செய்த ஆள் பக்கத்தில் இல்லையென்றால் முன்பக்கத்தைத் தொடாதீர்கள்.

நட் கழன்றுவிடும், போல்ட் வராது. அது புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். ஸ்பானரால் திருப்பினால் திரும்பத்தான் செய்யும், ஆனால் குழாயும் சேர்ந்தே திரும்பும்; ரப்பர்தான் முறுக்கிக் கிழியும். வேலைக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே துரு இளக்கும் ஆயிலைத் தினமும் விட்டுவந்தால் பாதிப் போராட்டம் மிச்சம். அப்படியும் வரவில்லையென்றால், காதுக்கும் பட்டைக்கும் நடுவில் பிளேடு விட்டு போல்ட்டை இரண்டு பக்கமும் அறுத்துவிடுங்கள். போல்ட்டைக் காப்பாற்றப் போய்ப் பெரிய சுத்தியலால் மொத்தி, சேஸிஸ் காதை விரித்துவிட்டால் அதை நேராக்குவது பெரும்பாடு.

அடுத்தது நெருப்பு. கேஸ் வெல்டிங் வைத்து ரப்பரை எரித்துத் தள்ளிவிடலாம் என்று பட்டறையில் யாராவது சொல்வார்கள். வேகமான வழிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் லீஃப் ஸ்பிரிங் சாதாரண இரும்பு இல்லை, பதம் ஏற்றிய எஃகு. ஸ்பிரிங்கின் கண் சிவக்கச் சூடானால் அந்தப் பதம் இறங்கிவிடும். பார்வைக்கு எதுவும் தெரியாது. சில மாதம் கழித்துப் பாரம் ஏற்றிப் போகும்போது மெயின் பட்டை கண்ணோடு முறியலாம். எரியும் ரப்பரின் புகை நச்சு. உள்ளே வாயு அடைபட்டால் நடுக்குழாய் தோட்டா மாதிரி பறந்து வரும். போதாததற்குப் பெட்ரோல் டேங்க் இருப்பதும் பின்பக்கம்தான்.

நெருப்பு வேண்டாம் என்றால் ரப்பரை வேறு வழியில் எடுக்கலாம். கண்ணைச் சுற்றி ரப்பரில் டிரில் பிட்டால் நெருக்கமாகத் துளை போட்டுக்கொண்டே போனால், நடுக்குழாய் பிடிப்பு விட்டுத் தானாக வந்துவிடும். டிரில் பிட் கண்ணின் சுவரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலரும் ஏமாறும் இடம் இதற்கு அப்புறம்தான் வருகிறது. ரப்பரும் நடுக்குழாயும் வந்ததும் பளிச்சென்று ஒரு துளை தெரியும். வேலை முடிந்தது என்று புது புஷ்ஷை வைத்து அழுத்தினால் போகாது. புஷ் அளவு தப்பு என்று கடைக்காரரோடு சண்டை போட்டவர்கள் உண்டு. உண்மையில் பழைய புஷ்ஷின் வெளிச்சட்டை, மெல்லிய இரும்புக் குழாய், உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஓரத்தை அரத்தால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள்; இரண்டு உலோகத்துக்கும் நடுவில் முடி போல வட்டமாக ஒரு கோடு தெரிந்தால் சட்டை இன்னும் உள்ளே இருக்கிறது. லீஃப் ஸ்பிரிங்கின் ஒரு முனையை வண்டியோடு இணைக்கும் சாக்கிளில் வருவது போன்ற, இரண்டு பாதியாகக் கைகளாலேயே செருகும் வெறும் ரப்பர் புஷ்ஷுக்கு இந்தச் சட்டையே கிடையாது. அதனால் எந்த இடத்தில் எந்த வகை என்று புது புஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டே ஆரம்பிப்பது நல்லது.

சட்டையை எடுக்க ஹாக்ஸா பிளேடே போதும். பிளேடைத் துளைக்குள் நுழைத்துப் பிறகு ஃபிரேமில் மாட்டி, நீளவாக்கில் ஒரே கோடாக அறுக்க வேண்டும். இங்கே அவசரப்பட்டால் பிளேடு சட்டையைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கிவிடும். லீஃப் ஸ்பிரிங்கில் அப்படி விழும் கீறல்தான் பிற்பாடு முறிவு தொடங்கும் இடம். அதனால் முழு ஆழத்துக்கு அறுக்காமல், சட்டையின் கனத்தில் ஒரு தாள் அளவு மிச்சம் வைத்து நிறுத்துங்கள். பிறகு சிறிய உளியை அறுத்த கோட்டின் ஓரத்தில் வைத்து உள்பக்கமாகத் தட்டினால் சட்டை மடங்கி, பிடிப்பு தளர்ந்து நழுவும்.

இங்கே ஒரு விதிவிலக்கு. ரப்பருக்குப் பதிலாகப் பாலியூரிதேன் புஷ் போடுவதாக இருந்தால், சில செட்டுகளில் பழைய வெளிச்சட்டையை அப்படியே விட்டுவைக்க வேண்டும். புது புஷ் அதற்குள்தான் உட்காரும். சட்டையை அறுத்து எறிந்துவிட்டு அப்புறம் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படித்து என்ன பயன்?

முழு புஷ்ஷையும் அழுத்தியே தள்ளலாம், அதுதான் சுத்தமான வழி. லேத் பட்டறையில் ஹைட்ராலிக் பிரஸ் இருக்கும். வீட்டில் என்றால் நீளமான திருகு போல்ட், பொருத்தமான இரண்டு சாக்கெட், கனமான வாஷர்கள். தள்ளும் சாக்கெட் சட்டையைவிட மயிரிழை சிறியதாக, மறுபக்கம் வாங்கிக்கொள்ளும் குழாய் சட்டையைவிடப் பெரியதாக, ஆனால் கண்ணின் விளிம்பில் முழுவதுமாக உட்காருவதாக இருக்க வேண்டும். ஆர்மைத் தகட்டில் எங்கோ தாங்கிவிட்டு பிரஸ்ஸை இறக்கினால் புஷ் அசையாது, ஆர்ம்தான் வளையும். தள்ளுவதற்கு முன் பழைய புஷ் எந்தப் பக்கம் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது என்று வெர்னியரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

போல்ட் வாங்கும்போதும் கவனம் வேண்டும். அம்பாசடரின் பூர்வீகம் பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட். பழைய மாடல்களில் அங்குல அளவுதான். அரை அங்குலம் என்றால் 12.7 மிமீ. அந்த அளவுத் துளையில் கடையில் கிடைத்த 12 மிமீ போல்ட்டைப் போட்டால் சுலபமாக நுழையும், பழைய சத்தமும் கூடவே திரும்பி வரும்.

திரும்ப மாட்டும்போது எஞ்சின் ஆயிலோ சாதாரண கிரீஸோ தடவாதீர்கள், ரப்பர் ஊறி உப்பிவிடும். சோப்புத் தண்ணீர் போதும். அப்புறம் போல்ட்டுகளைக் கைமுறுக்கில் மட்டும் விட்டுவிட்டு வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் நாலு தடவை அழுத்திவிட்டு, சக்கரத்தில் பாரம் இருக்கும்போதே முழுசாக இறுக்குங்கள். சட்டை போட்ட புஷ்ஷில் உள்குழாய் சுழலாது, ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டி நிற்கும்போதுகூட ரப்பர் முறுக்கியபடியே இருக்கும். புது புஷ் சீக்கிரமே கிழிந்துவிடும்.