வெட்டுத்துணியில் ஒட்டுப்போர்வை: கால் இன்ச் பிசகாமல் தைக்க

சேலத்தில் எந்த டெய்லர் கடைக்குப் போனாலும் மூலையில் ஒரு கோணி வெட்டுத்துணி கிடக்கும். அதில் 5 இன்ச்சுக்குக் குறையாத பருத்தித் துண்டுகளைப் பொறுக்குங்கள். 120 சதுரம் சேர்ந்தால் ஏறக்குறைய 45க்கு 54 இன்ச் போர்வை. மார்கழியில் ஏற்காட்டுக்குப் போகிற பிள்ளைக்குத் தாராளம். ஜரிகை, பாலியஸ்டர் இரண்டும் வேண்டாம், இஸ்திரியில் சுருங்கும். சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவித் தீயில் காட்டுங்கள்: பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணிபோல் கெட்டியாகும்.

எல்லாத் துண்டையும் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே கத்தரியை எடுங்கள். புதுத்துணியும் பழந்துணியும் ஒரே அளவில் சுருங்காது. சிவப்பும் கருநீலமும் சாயம் விட்டால் அப்போதே ஒதுக்கிவிடலாம்.

அச்சுக்குப் பரீட்சை அட்டையில் 5 இன்ச் சதுரம் வெட்டிக்கொள்ளுங்கள். கல்யாணப் பத்திரிகை அட்டை உதவாது, முப்பது துண்டு வரைவதற்குள் ஓரம் தேய்ந்துவிடும். அச்சின் ஓரம் துணியின் இழையோடு ஒத்து நிற்கட்டும். மூலைவாக்கில் சாய்த்து வெட்டினால் துண்டு ரப்பர்போல் இழுபடும்.

தரையில் வரிசைக்கு 10, மொத்தம் 12 வரிசை பரப்புங்கள். மொபைலில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பார்த்தால் அடர்நிறம் ஒரே இடத்தில் குவிந்திருப்பது தெரியும்.

இனி தையல். போர்வை கோணிப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் இங்கேதான். ஒரு தாளில் ஓரத்திலிருந்து கால் இன்ச்சில் கோடு போட்டு, கோட்டின்மேல் ஊசியை இறக்குங்கள். தாளின் ஓரம் மெஷினில் நிற்கும் இடத்தில் இன்சுலேஷன் டேப்பை நாலைந்து அடுக்காக ஒட்டினால், துணி முட்டிக்கொண்டு நேராக ஓட ஒரு வரப்பு கிடைக்கும். முதலில் மூன்று துண்டு மட்டும் தைத்து அளந்து பாருங்கள். நடுத்துண்டு சரியாக 4½ இன்ச் இருக்க வேண்டும். ஒரு வரிசையில் 9 இணைப்பு, ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கத் துணி உள்ளே போகிறது. ஓரத்துக்கு 1 மில்லிமீட்டர் கூடினாலே வரிசை 18 மில்லிமீட்டர் குட்டையாகும். அடுத்த வரிசை அதே அளவு குட்டையாகாவிட்டால் மூலைகள் சேராது.

முதல் வரிசையின் தையல் ஓரங்களை வலப்பக்கமாகவும் அடுத்ததை இடப்பக்கமாகவும் சாய்த்து இஸ்திரி போடுங்கள். வரிசைகளை இணைக்கும்போது மூலைகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்திக்கொள்ளும். பெட்டியை இழுக்காதீர்கள், அமுக்கி எடுங்கள்.

அடிப்பக்கத்துக்கு நாலு முழப் பருத்தி வேட்டி ஒன்று போதும்; சுற்றிலும் 2 இன்ச் கூடுதலாக விடுங்கள். நடுவில் பழைய கம்பளி. உதிரிப் பஞ்சை அடைத்தால் துவைத்ததும் ஒரு மூலையில் உருண்டுவிடும். மூன்றையும் சுருக்கமில்லாமல் விரித்து, அரைச் சாண் இடைவெளியில் கையால் பெரிய ஓட்டுத்தையல் போடுங்கள்.

ஊசியை 16ஆம் நம்பருக்கு மாற்றி, தையல் நீளத்தைக் கொஞ்சம் கூட்டி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சதுரங்களின் கோட்டோரம் தையுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் வேட்டி நடுவில் கொசுவிக்கொள்ளும், பிரிப்பதைத் தவிர வழியில்லை.

மிஞ்சிய ஓரத்தை வெட்டிவிட்டு, 2½ இன்ச் அகலப் பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்துச் சுற்றிலும் பைப்பிங் கொடுங்கள். 44 இன்ச் பன்னா (அகலம்) உள்ள துணியில் 5 பட்டி தேவைப்படும். முதல் இரண்டு தடவை பச்சைத் தண்ணீரில் தனியாக அலசுங்கள்.