மோதிரத்துக்கு அடியில் மட்டும் அரிப்பு

மோதிர விரலில் மட்டும் வட்டமாகச் சிவந்து, தோல் உரிந்து, ஓயாத அரிப்பு. தங்கத்தில் கலந்த உலோகம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று மோதிரத்தை இடது கைக்கு மாற்றினேன். அங்கேயும் அதே வட்டம். படர்தாமரைக் களிம்புக்கும் அடங்கவில்லை.

மோதிரத்தைக் கவிழ்த்துப் பார்த்ததும் விஷயம் பிடிபட்டது. கல்லுக்கு அடியில் இருக்கும் குழியில் சோப்பு வெள்ளையாகக் கெட்டித்துக் கிடந்தது. கை கழுவும்போதெல்லாம் அது ஊறித் தோலைப் புண்ணாக்கியிருக்கிறது. ஈரமும் காய வழியில்லை.

குழியைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன். அப்புறம் மோதிரத்தைக் கழற்றிவிட்டுத்தான் கை கழுவுகிறேன்: விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் எல்லாம் சோப்புப் போட்டு 20 விநாடி, ஓடும் நீரில் அலசல், துணியால் ஒற்றல். விரல் நன்றாகக் காய்ந்த பிறகே மோதிரம். புண் ஆறிவிட்டது, பெரிய நிம்மதி.